ஸ்வாகோப்முண்டுக்கு யார் ஓட்டுவது?

'ஏனுங்க' என்று கூப்பிட்டால் லேத்துச் சத்தத்துக்கு நடுவிலும் திரும்பிப் பார்த்த என் அன்புக்குரியவருக்கு,

அடுத்த மாதம் பிரபுவிடம் போகிறேன். ஆப்பிரிக்காவில், நமீபியாவின் கடற்கரையில், வால்விஸ் பே என்ற துறைமுக ஊரில் நம் மகனுக்குத் தண்ணீர் பம்ப் கம்பெனியில் வேலை. கணபதியில் பம்ப் பாகங்கள் கடைந்த உங்கள் பட்டறையில் வளர்ந்த பையன் வேறு எந்த வேலைக்குப் போவான்? நீங்கள் போன மறு வருஷமே கிளம்பிவிட்டான்.

அங்கிருந்து ஒரு நாள் என்னை ஸ்வாகோப்முண்டுக்குக் கூட்டிப் போவதாக ஏற்பாடு. பாலைவனம் கடலைத் தொடுகிற இடத்தில் ஜெர்மானியர்கள் தங்கள் ஆட்சிக் காலத்தில் கட்டிய நகரம். காலையில் போனால் இருட்டுவதற்குள் திரும்பிவிடலாம். கலங்கரை விளக்கம், பழைய ரயில் நிலையம் என்று மருமகள் கவிதா படம் படமாக அனுப்புகிறாள். ஊர் ஓரத்தில், அந்த ஆட்சியின் முகாம்களில் அடைபட்டு இறந்த ஹெரேரோ, நாமா மக்களின் பெயரில்லாத கல்லறை மேடுகள் இருக்கின்றன. அங்கேயும் போக வேண்டும் என்றேன். ரிட்டயர் ஆனாலும் வரலாற்று டீச்சர் இல்லையா? கட்டடங்களை மட்டும் பார்த்துவிட்டு வந்தால் பாதிப் பாடம்தானே?

காந்திபுரத்தில் ஸ்வெட்டர் வாங்கப் போனேன். கடைக்காரர் நமக்குப் பழக்கமானவர்தான்.

"ஏனுங் டீச்சர், ஊட்டிக்குங்களா?"

"பாலைவனத்துக்குங்க."

"பாலைவனத்துக்கு ஸ்வெட்டரா? யாரோ உங்களை நல்லா ஏமாத்திப் போட்டாங்க!"

விடுவேனா? ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்து வைத்து எதிரே நின்றால் எப்படி இருக்கும், அதைப் போல அங்கே கடல்நீரோட்டம் சில்லென்று ஓடுகிறது, அதன்மேல் வரும் காற்றும் குளிர்ந்து, மூடுபனியாகி மணல்மேல் இறங்குகிறது என்று விளக்கினேன். சொல்லும்போதுதான் எனக்கே உறைத்தது. மூடுபனி என்றால் சாலை தெரியாது.

நீங்கள் போன அன்றைக்குக் கருமத்தம்பட்டி தாண்டியபோது பனியில்லை, மழை. பிரபு ஓட்டினான். அவன் பக்கத்தில் நீங்கள், பின்னால் நான். குறுக்கே திரும்பிய லாரி. அவன்மேல் தப்பில்லை என்று விசாரித்த எல்லோரும் சொன்னார்கள். அது எனக்கும் தெரியும். ஆனால் அந்த நாளைப் பற்றி நானும் அவனும் இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை.

"வேன் சொல்லியாச்சுங்கம்மா, டிரைவரோட" என்று அவன் போனில் சொன்னபோது அப்பாடா என்றிருந்தது. அப்புறம் மனசு கேட்கவில்லை. பையனுக்கு இன்னும் ஸ்டியரிங்கைத் தொட முடியவில்லையோ? கவிதாவைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"யாருங்க அத்தை சொன்னது? தினமும் ஆபீசுக்கு அவரேதான் ஓட்டறாரு. ஸ்வாகோப்முண்டுக்கே எத்தனையோ தடவை கூட்டிட்டுப் போயிருக்காரு."

"அப்புறம் வேன் எதுக்கு அம்மணி?"

தயங்கினாள். "நான் சொன்னேன்னு சொல்லிப்போடாதீங்க. போன லீவுல வந்தப்ப உங்களைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கார்ல கூட்டிட்டுப் போனாருல்ல? வழி பூரா கண்ணை இறுக்க மூடி, கதவைப் புடிச்சுட்டே உக்காந்திருந்தீங்களாமா. அப்பா போனதுக்கு நான்தான் காரணம்னு அம்மா மனசுல வெச்சிருக்காங்கன்னு சொல்றாரு."

நான் ஆட்டோவிலும் அப்படித்தானே உட்காருகிறேன்? அதை அவன் எங்கே பார்த்தான்? நான் மூடியது சாலையைப் பார்க்க முடியாமல். அவனுக்குத் தெரிந்ததெல்லாம் மூடின கண் மட்டும்.

வேனில் போனால், அவன் நினைப்பது சரி என்று ஆகிவிடும். அவனே ஓட்டி, நான் மறுபடியும் நடுங்கினால்? அப்போதும் அதேதான். எந்தப் பாடத்துக்கும் ஓர் உதாரணம் வைத்திருந்தவள் நான். இதை அவனுக்கு விளக்க ஒன்றும் அகப்படவில்லை. கடைசியில் அவனைப் போனில் கூப்பிட்டு நேராகவே சொல்லிவிட்டேன்.

"வேன் வேண்டாம் கண்ணு. நீ ஓட்டு."

"எதுக்குங்கம்மா? அந்த டிரைவர் ரொம்ப நிதானமுங்க."

"எம்பையன் மட்டும் நிதானமில்லாதவனா?"

அவன் சொல்வதற்குள் நானே தொடர்ந்தேன்.

"நான் கண்ணை மூடறது ரோட்டுக்குப் பயந்துடா. உன்னை நம்பாம இல்ல. டவுன் பஸ்சுலயும் மூடித்தான் உக்காருவேன். தூங்கறேன்னு நெனச்சுக் கண்டக்டர் தட்டி எழுப்பறாரு."

அந்தப் பக்கம் கேட்டது சிரிப்பா, மூக்குறிஞ்சலா, தெரியவில்லை. பிறகு, "சரிங்கம்மா. பனி விலகினப்புறமே கிளம்பலாம். நீங்க பின்னாடி உக்காந்துக்குங்க" என்றான்.

"உன் பக்கத்துலதான் உக்காருவேன்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

தைரியம் வந்துவிட்டது என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். அவன் பக்கத்து இருக்கை உங்கள் இடமல்லவா? அங்கிருந்து நீங்கள் கடைசியாக எதைப் பார்த்தீர்கள்? எங்களைத் திரும்பிப் பார்க்க நேரம் இருந்ததா?

ஒன்று மட்டும் உறுதி சொல்கிறேன். வழியில் நெஞ்சு அடைத்தால், "பயமா இருக்குது கண்ணு, கொஞ்சம் ஓரமா நிறுத்து" என்று வாய்விட்டுச் சொல்வேன். அவன் தானாக எதையும் நினைத்துக்கொள்ள விடமாட்டேன். படபடப்பு அடங்கியதும் "போலாம்" என்று நானே சொல்வேன். எத்தனை தடவை நிறுத்தினாலும் சரி, வேறு யாரையும் ஓட்டச் சொல்ல மாட்டேன்.

பிரபுவின் அம்மா,
உங்கள் சரசு