இடது கையில் வில் பிடித்தவர்

என் ராஜாங்கம் மச்சானுக்கு,

நீ போய் ஏழு வருஷம் ஆகிறது. முதல் கடிதத்தை நல்ல சேதியோடு எழுதியிருக்கலாம். உன் படங்களைச் சிதம்பரத்தில் காட்சிக்கு வைத்திருக்கிறோம் என்பதும் நல்ல சேதிதான். ஆனால் நேற்று மாலை நான் செய்ததை உன்னிடம்தான் முதலில் சொல்ல வேண்டும்.

போன வருஷக் கடைசியில் அடித்த புயலில் கடலூர் வீட்டு ஓடு பறந்து, உன் படப்பெட்டிக்குள் தண்ணீர் போய்விட்டது. கொட்டாங்கச்சியிலும் சுரைக்குடுக்கையிலும் தகர டப்பாவிலும் கம்பி கட்டி வில்லால் இழைத்து வாசித்தவர்களை ஊர் ஊராகப் போய் எடுத்தாயே, அந்தப் பத்தொன்பது படங்கள். பின்னட்டைகளில் பெயரும் ஊரும் எழுதியது நான். வாத்தியத்துக்கு ஆளுக்கொரு பெயர் சொன்னதால் அதை எழுத வேண்டாம் என்றாய். எழுதியிருக்கலாமோ?

நனைந்த படங்களை அட்டையிலிருந்து பிரித்தால்தான் பிழைக்கும் என்றாள் உன் மகள் கலா. தோட்டத்தில் எதிரெதிராக இரண்டு கொடி கட்டினேன். ஒன்றில் படங்கள், அதற்கு நேர் எதிரில் அதனதன் அட்டைகள். காய்ந்ததும் நடுவில் நின்று படங்களை வலப்பக்கத்திலிருந்து வரிசையாக எடுத்தேன். திரும்பி நின்று அட்டைகளையும் வலப்பக்கத்திலிருந்தே எடுத்தேன். சரிபார்க்கப் பத்தாவது படத்தைப் பத்தாவது அட்டையோடு சேர்த்துப் பார்த்தேன். அவர் ஒருவரைத்தான் எனக்கு நேரில் தெரியும். பெயர் பொருந்தியது. எல்லாவற்றுக்கும் எண் போட்டு, பசை தடவி ஒட்டிவிட்டேன்.

நேற்று காட்டுமன்னார்கோயிலிலிருந்து செல்வி என்றொரு பெண்மணி வந்தார். காட்சியைப் பற்றிப் பேப்பரில் வந்த சேதியில் தன் அப்பா பெயரைப் பார்த்தாராம். அந்தப் பெயர்ச் சீட்டு இருந்த ஐந்தாவது படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றார்.

“அப்பா தவறுனப்ப எனக்கு ரெண்டு வயசுங்க. மொகம் ஞாபகமில்ல. ஆனா நொட்டாங்கைப் பழக்கமுன்னு அம்மா சொல்லும். இவுரு சோத்தாங்கையில வில்லு புடிச்சிருக்காரே?”

நான் என்ன சொன்னேன் தெரியுமா? “பழைய படம்மா. பிரிண்ட் போடறப்ப எடம்வலம் மாறி விழுந்திருக்கும்” என்றேன். உன் ஸ்டுடியோவில் உட்கார்ந்து தெரிந்துகொண்டதை இதற்கா பயன்படுத்த வேண்டும்?

“படிச்சவுங்க சொன்னா சரிதாங்க” என்று சிரித்தார். கலா கொடுத்த நகலை முந்தானையால் மூடிக்கொண்டார். “அம்மாவுக்கு அடுத்த வாரம் கண்ணு ஆபரேசன். கட்டுப் பிரிச்சதும் மொதல்ல இதத்தான் காட்டப்போறேன்.”

அவர் போன பிறகு மண்டபத்தைச் சுற்றி வந்தேன். பதினைந்தாவது படத்தில் இருப்பவர் தகர டப்பாவைத் தோளில் சாய்த்து, இடது கையில் வில் பிடித்திருக்கிறார். பத்தொன்பது பேரில் அவர் ஒருவர்தான் அப்படி. முன்னாலிருந்து எண்ணினால் செல்வியின் அப்பா பெயர் ஐந்தாவது. பின்னாலிருந்து எண்ணினால் இவர் ஐந்தாவது. அந்த இரண்டு கொடிகளும் அப்போதுதான் என் கண்முன் வந்தன. திரும்பி நின்றபோது என் வலப்பக்கமும் திரும்பிவிட்டதே, மச்சான். வரிசை தலைகீழானாலும் நடுவில் இருப்பவர் நடுவில்தான் இருப்பார். நான் அவரை மட்டும் சரிபார்த்தேன்.

“தபால் பெட்டியில கடுதாசி போட்டுட்டு மூணு தரம் கையவிட்டுப் பாக்கிற ஆளுய்யா நீ” என்பாய். இதில் ஒரு தரத்தோடு ஏன் நிறுத்தினேன்?

பெயர்ச் சீட்டுகளையெல்லாம் கலா இன்று காலை எடுத்துவிட்டாள். “நீங்க அலைய வேணாம் மாமா, அவங்க ஊருக்கு நான் போயி சொல்லிட்டு வர்றேன்” என்றாள். சரி என்று வாய் வரைக்கும் வந்தது. அவர்கள் வீட்டில் எத்தனை பேர் இருப்பார்களோ? அந்த யாரோ ஒருவர் படத்துக்கு இதற்குள் மாலை போட்டிருப்பார்களோ? அட்டை மாறியதைக்கூடச் சொல்லிவிடலாம். தெரியாத ஒன்றைத் தெரிந்தவன்போலச் சொல்லி அந்தப் பெண்ணின் வாயை அடைத்ததை எப்படிச் சொல்வது?

ஆனாலும் நாளைக் காலை முதல் பஸ்ஸில் பதினைந்தாவது படத்தோடு நானேதான் போகிறேன். அவர் கேட்ட கேள்விதான் சரி, என் பதில்தான் பொய் என்று சொல்வேன். வழியில் எங்கும் இறங்கித் திரும்பிவிட மாட்டேன். உனக்கு இது என் வாக்கு.

உன் தங்கையைக் கட்டிய,
பயந்தாங்கொள்ளி மச்சான்