ஆறு மாதத்தில் நிற்கிற பிள்ளை

திண்டுக்கல்

அன்பு மகன் ஜெரினுக்கு,

அம்மா எழுதுகிறேன். ஆண்டவர் தயவில் நானும் அப்பாவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், அங்கே உனக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை என்று நம்புகிறேன். நலம் என்று முழுதாக எழுத மனம் வரவில்லை. போனில் உன் மகன் அமலன் பேச்சை எடுத்தாலே "டூட்டி இருக்கும்மா" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் லீவு முடிந்து தோஹா திரும்பும் கிளெமென்ட் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

போன ஞாயிறு பூசை முடிந்து பேரனைப் பார்க்கச் சேவுகம்பட்டி போனேன். தலைப்பிரசவம், பிள்ளை தாய்வீட்டில் இருக்கிறது, நான் பையனைப் பெற்றவள். அங்கே எனக்கு நாற்காலி உண்டு, காபி உண்டு, சொல் கிடையாது. உன் மாமனார் சூசைராஜ் அமலனை அக்குளில் பிடித்து மேசைமேல் நிறுத்தினார். கால் இரண்டும் விறைத்து, கத்தரிபோல் ஒன்றோடொன்று பின்னி, விரல் நுனியில் நின்றான். "பாருங்க சம்பந்தியம்மா, ஏழாம் மாசத்துல பெறந்த பய, ஆறு மாசத்துலயே நிக்கிறான், போலீசுக்குத்தான் போவான்" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள், போனில் வீடியோவும் எடுத்தார்கள். மூடிய கையை அவன் விரிக்கவே மாட்டேன் என்கிறான், அதற்கும் "யாருக்கும் அஞ்சு பைசா குடுக்க மாட்டான் போல" என்று ஒரே சிரிப்பு. அந்த வீடியோவைத்தான் நீ ஸ்டேட்டஸில் வைத்தாய்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கண்ணாடிப் பெட்டியிலிருந்து எடுத்து நம் கையில் கொடுத்த அன்று, நடக்கிற வரைக்கும் மாதாமாதம் கொண்டுவந்து காட்டுங்கள் என்று டாக்டர் சொன்னது உனக்கும் தெரியும். ஒரு முறைக்கு மேல் போகவில்லை. எடை ஏறிவிட்டதாம், பிறகென்ன என்கிறார்கள். பெரியாஸ்பத்திரியில் இப்படிக் குறைமாதத்தில் பிறந்த பிள்ளைகளுக்கென்று இருக்கும் பயிற்சி மையத்துக்கு நானே போய் வீடியோவைக் காட்டினேன். பிசியோதெரபிஸ்ட் நசீம் பானு, நேரில் பார்க்காமல் முடிவு சொல்ல மாட்டேன், ஆனால் இதைப் பலம் என்று நினைக்காதீர்கள், தசை இறுக்கமாக இருக்கலாம், நிற்க வைப்பதை நிறுத்துங்கள், மூளை வேகமாகப் பழகிக்கொள்ளும் வயது இது, இந்த வாரமே கொண்டுவாருங்கள் என்றார்.

மறுபடி சேவுகம்பட்டி போய் உன் மாமனாரிடம் சொன்னேன். "சின்னவளுக்கு நிச்சயம் முடியட்டும், ரெண்டு மாசந்தான். அந்த வாசல்ல நம்மளப் பாத்தா குடும்பத்துலயே கோளாறுன்னு பேசுவாக" என்றார். நீயும் அதையே எனக்கு மெசேஜ் போட்டாய். உனக்கு அது இரண்டு மாதம், ஜெரின். அவனுக்கு, இதுவரை வாழ்ந்ததில் மூன்றில் ஒரு பங்கு. படித்த பிள்ளை என்று உன்னை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன், இப்போது அந்தப் பெருமை வாயில் கசக்கிறது. கிளம்பும்போது உன் மனைவி பிரின்சி அடுப்படியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அத்தை, எனக்கும் பயமாத்தான் இருக்கு, அவுக ஒரு வார்த்தை சொன்னா அப்பாவ மீறித் தூக்கிட்டு வந்துருவேன்" என்று அழுதாள். பெற்றவள் அவள். அவளுக்கு இல்லாத துணிச்சலை நான் எங்கே போய்க் கடன் வாங்குவேன்?

என்மேல் கோபமிருந்தால் இருக்கட்டும். நேரத்துக்குச் சாப்பிடு, வெயிலில் நிற்காதே. ஆண்டவர் உன்னையும் உன் பிள்ளையையும் காப்பாராக. எனக்குப் பதில் எழுத வேண்டாம். பிரின்சியைக் கூப்பிடு.

உன் அம்மா,
ரூபி