வசந்தா, உன் அம்புக்குறி எந்தப் பக்கம்?

அடி என் ஏசி சீட்டுக்காரி வசந்தா,

நலமா என்று கேட்க வாய் வருகிறது, அடக்கிக்கொள்கிறேன். நீ கண்ணை மூடியதும் நான் செய்த முதல் காரியம், ஆபீஸில் உன் நாற்காலியைப் பிடித்தது. அழுதேன், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அழுதுகொண்டே பிடித்தேன். ஏசிக் காற்று நேராக விழுகிற ஒரே இடம் அதுதானே? அதற்காக நாம் போட்ட சண்டை பாலாநகர் வரைக்கும் வருகிற கம்பெனி பஸ் டிரைவருக்குக்கூடத் தெரியும்.

உன் மகள் நன்றாக இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை மெட்டுகுடாவுக்கு, நம் வீட்டுக்கு வந்தாள். "இன்னொரு தோசை வைக்கட்டுமாடி?" என்றால் "சாலு பெத்தம்மா" என்கிறாள். தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில், 'போதும் பெரியம்மா' என்று வாயில் வராது. சிரிப்பு மட்டும் அப்படியே உன்னுடையது, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இப்போது உன் மெழுகுப் பெட்டிக்கு வந்த ஆபத்தைக் கேள். சூடாகிற கருவிக்குப் பக்கத்தில் மெழுகு நிரப்பிய பெட்டி. மெழுகு உருகி அந்தச் சூட்டைக் குடித்துக்கொள்ளும். எப்படி உருகும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுக் காட்டுவது உன் வேலை. உருகிய மெழுகு சூடான சுவரை ஒட்டி மேலே ஏறும், மேல்புறம்தான் முதலில் கரையும், அந்த ஓட்டத்தையும் சேர்த்தால்தான் கணக்கு சரி என்று எத்தனை வருஷம் மல்லுக்கு நின்றாய்!

நீ போன பிறகு கம்ப்யூட்டரை மாற்றினார்கள். உன் கணக்கைப் புதியதில் ஏற்றினேன். புவியீர்ப்பு எந்தப் பக்கம் என்று அது என்னைக் கேட்டது. அதையும் நாம்தான் சொல்லித்தர வேண்டுமாம். மேஜைக் கண்ணாடிக்கு அடியில் நீ வரைந்து வைத்த படம் இருந்ததே, ஒரு பெட்டி, புவியீர்ப்புக்கு ஒரு அம்புக்குறி, எழுத்து ஒன்றும் கிடையாது, அதைப் பார்த்தேன். உன் நாற்காலியிலிருந்து பார்த்தால் அம்பு மேலே போனது. பெட்டியைத் தலைகீழாகத் தொங்கவிடுவார்கள் போல என்று நானே ஒரு நியாயம் கண்டுபிடித்து அப்படியே போட்டேன். வசந்தா வரைந்தால் தப்பாக இருக்குமா?

ஓட்டினால், மெழுகு அடியிலிருந்து உருகுகிறது! மார்கழியில் உறைந்த தேங்காய் எண்ணெய் பாட்டிலை அடுப்புப் பக்கம் வைத்தால்கூட மேலேதானே முதலில் இளகும்? சோதனைக்கு வைத்த நிஜப் பெட்டியும் மேலேதான் உருகியது.

நம் தலைவர் முரளி சார் பார்த்தார். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த தமிழராயிற்றே, 'ஆமாம்' என்பதற்கு 'ஹவ்', 'வேண்டாம்' என்பதற்கு 'நக்கோ', பேச்சைக் கேள்: "ஹவ் மேடம், வசந்தா மேடம் கணக்கு தப்புதான் போல. இந்த ஓட்டமெல்லாம் நக்கோ. அதை எடுத்துட்டு சிம்பிளா முடிங்க. திங்கக்கிழமை ரிப்போர்ட் போகணும்."

ஓட்டத்தை எடுத்தால் உன் உழைப்பு முழுவதும் போகும், உன் பெயரும் போகும். எனக்கு வந்தது பார் ஆத்திரம்! அவர்மேல் பாதி, உன்மேல் பாதி. "ஏண்டி, எதைத்தான் ஒழுங்கா விட்டுட்டுப் போனே?" என்று உன் கீபோர்டைத் திட்டினேன்.

மத்தியானம் ஏசி சொட்ட ஆரம்பித்தது, சரியாக என் தலையில். டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு அதே மேஜைக்கு எதிர்ப்புறம் இருக்கிற என் பழைய நாற்காலிக்கே போனேன். எலுமிச்சை சாதத்தை வாயில் வைத்துக்கொண்டு மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருந்த படத்தைப் பார்த்தேன். அம்பு கீழே பார்த்தது.

அடிப்பாவி! எதிரே இருக்கிற எனக்கு நேராகத் தெரிய வேண்டும் என்று நீ தலைகீழாக வரைந்திருக்கிறாய். அந்த ஒரு படம் மட்டுமா? இத்தனை வருஷத்தில் நீ வரைந்து காட்டிய எந்தத் தாளையும் நான் திருப்பிப் பார்த்த ஞாபகமே இல்லை. ஏண்டி ஒரு வார்த்தை சொல்லவில்லை?

கைகூடக் கழுவாமல் ஓடிப்போய் ஒரே ஒரு குறியை மாற்றினேன். மெழுகு சமர்த்தாக மேலிருந்து உருகியது, நிஜப் பெட்டியோடு ஒத்தும் போனது. முரளி சார் எட்டிப் பார்த்து, "நான் அப்பவே சொல்லல? வசந்தா மேடம் கணக்கு தப்பாது" என்றார். இவரை என்ன செய்யலாம், நீயே சொல். ரிப்போர்ட் ஓட்டத்தோடு போய்விட்டது. முதல் பெயர் உன்னுடையது.

ஏசியைச் சரி செய்துவிட்டார்கள். ஆனாலும் உன் இடத்தை உனக்கே விட்டுவிட்டேன், வியர்த்தாலும் நான் எதிரேதான். நாளைக்கு அங்கே யாராவது புதிதாக வந்து உட்கார்ந்தால், அவளுக்கு நேராகத் தெரிகிற மாதிரி தலைகீழாகவே வரைந்து காட்டுவேன், சத்தியம். இப்போதே பழகிக்கொண்டிருக்கிறேன். பெட்டி கொஞ்சம் கோணலாக வருகிறது, சிரிக்காதே.

உன் மகளுக்குப் பெத்தம்மா,
உனக்கு என்றைக்கும் எதிர் சீட்டு,
லலிதா