மடக்காத குடை

24.5.1957, வெள்ளி இரவு
அக்கரப்பத்தனை

கல்லூரி விடுமுறைக்குத் திருச்சியிலிருந்து வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. அதற்குள் என்னால் அப்பாவுக்குத் தொல்லை.

மாலையில் இருவரும் கடையிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்கு நடந்து வந்தோம். நல்ல மழை. எதிரே தோட்டத்துத் துரையின் ஜீப் வந்தது. அப்பா சட்டென்று குடையை மடக்கிக்கொண்டு ஓரத்துத் தண்ணீர்க் கானில் இறங்கி நின்றார். அப்பா கங்காணிதான். ஆனாலும் துரைக்கு முன்னால் குடை பிடிக்கக் கூடாது. இங்கே அதுதான் வழக்கம்.

"மடக்குடா" என்றார். நான் மடக்கவில்லை. துரை என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்.

"நீ அடுத்த மாசம் கப்பலேறிப் போயிருவ. தெனமும் இந்த ரோட்டுல நடக்கிறவன் நாந்தானேடா" என்றார் அப்பா.

திருச்சிக்குப் போன புதிதில் நானும் இப்படித்தான். கொட்டுகிற மழையில் பேராசிரியரின் கார் வந்ததும் கை தானாகக் குடையை மடக்கிவிட்டது. அவர் காரை நிறுத்தி, "குடை ரிப்பேராப்பா?" என்றார். வேறென்ன சொல்ல? "ஆமாங்க சார்" என்றேன். நல்ல குடையை மடியில் வைத்துக்கொண்டு அவர் காரிலேயே விடுதிக்குப் போனேன். குடையை மடக்கும் பழக்கத்தை அன்றைக்கு விட்டேன். பாடம் எதுவும் மண்டையில் ஏறுமுன் அங்கே நான் படித்தது அதைத்தான். இங்கே அதைக் கொண்டுவந்தது சரியா என்று தெரியவில்லை. நனைந்தது அப்பாவல்லவா.

அவருடைய கோட்டு அடுப்புக்கு மேலே இன்னும் சொட்டுகிறது. சாப்பிடும்போது கேட்டேன்: "காலையில பெரட்டுல வேலை பிரிக்கிறப்ப தொர என்னயப் பத்திக் கேட்டா என்னப்பா சொல்லுவீங்க?"

அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே, "கொடை ரிப்பேருங்க, மடங்க மாட்டேங்குதுன்னு சொல்லிக்கிறேன்" என்றார்.

திருச்சிக் கதையை நான் அவரிடம் சொன்னதே இல்லை.