பொய்யாகாத ஒரு சொல்

ஆனி மாதம், வெள்ளிக்கிழமை இரவு.

என் மகள் மீனாட்சியைப் பெண் பார்க்க ஞாயிறன்று செங்கோட்டையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தது. என் தம்பி சங்கரனுக்குக் காதில் குரல்கள் கேட்பதை அவர்கள் அறிவார்கள். மகள் மனச்சோர்வுக்கு மாத்திரை உண்பதை அறியார்கள். “சித்தப்பனின் நோய் இவளுக்கு இல்லை” என்று கூற, பொய்யாகாத ஒரு சொல் எனக்கு வேண்டியிருந்தது. அதற்காகவே இன்று காலை இருவரையும் அவர்களது மூளை ஸ்கேன் படங்களோடு தென்காசி மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன்.

“படத்தை வச்சு நோய்ப் பேரைச் சொல்ல முடியாது, ஐயா. வேற வேற நோய்னு சொன்னாலும், மூளையில மாறுற இடம் பல சமயம் ஒண்ணாத்தான் இருக்கு. என்ன கஷ்டப்படுதாங்கன்னுதான் நான் பாக்கேன்” என்றார் அவர்.

சங்கரன் எட்டிப் பார்த்தான். “அண்ணே, ரெண்டு தலையும் ஒண்ணுபோல இருக்கே. மாப்ள வீட்டுக்கு எதைக் காட்டப் போறீய?”

மீனாட்சி சிரித்தாள்.

சாரல் தொடங்கினால் தலைச்சூடு தணியச் சங்கரனைக் குற்றாலத்தில் நீராட்டுவது எங்கள் வழக்கம். இன்றும் சென்றோம். அவன் அருவியில் நிற்கையில் மகள் கேட்டாள்: “அப்பா, மறைச்சுக் கட்டிக் குடுத்துட்டா, அங்கன போயி மாத்திரையை எங்க ஒளிப்பேன்?”

வீடு திரும்பியதும் செங்கோட்டைக்குத் தொலைபேசியில் அழைத்து, மாத்திரை உட்பட அனைத்தையும் கூறினேன். “யோசிச்சுச் சொல்லுதோம், அண்ணாச்சி” என்றார் மாப்பிள்ளையின் தந்தை. ஞாயிறன்று வருவது குறித்து அவர் பேசவில்லை.

இறைவன் முன் என் வாய்மை நின்றது. அதன் பொருட்டு மகள் வாழ்வை நான்... அறியேன். அவர் சொன்னதை மகளிடம் சொன்னேன். பல மாதங்களில் முதன்முறையாக, இன்றிரவு அவள் இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கி உண்டாள்.