படத்தில் விழாத நெல்

கொள்முதல் நிலையத்துக்கு எதிரே பாதி ரோட்டுக்கு நெல்லைக் கொட்டிக் காய வைத்திருக்கிறார்கள். வெயில் ஏற ஏற அதிலிருந்து ஒரு வாசனை கிளம்புமே, பாதி வைக்கோல், பாதி தார், அது மூக்கில் ஏறிக்கொண்டிருந்த நேரத்தில்தான் நேற்று என் கைப்பேசிக்கு அந்தப் படம் வந்தது. ஐரோப்பாவில் ஏதோ பெரிய சைக்கிள் பந்தயம். கடைசி நேர்ச் சாலை. முன்னால் போகிறவன் லேசாக வலது பக்கம் நகர்கிறான். பின்னால் வந்தவனின் சக்கரம் அவன் சக்கரத்தில் உரசுகிறது. அப்புறம் ஆளும் சைக்கிளும் தடுப்புக் கம்பியும் ஒரே குவியல். அது முடிந்ததும், 'நம்ம ஊரிலும் உண்டு இப்படி ஆட்கள்' என்று எழுத்து ஓடியது. அடுத்து வந்தது நீயும் நானும், அந்தக் காலத்துப் பந்தயத்தில்.

அன்றைக்கு யாரோ கேமராவில் எடுத்த துண்டுப் படம். எங்கே கிடந்ததோ, தேடி எடுத்து ஒட்ட வைத்திருக்கிறான் ஒரு புண்ணியவான். முதலில் எனக்குச் சிரிப்புதான் வந்தது. நான் எவ்வளவு ஒல்லியாக இருந்திருக்கிறேன் பார். பிறகு கீழே எழுதியிருந்ததைப் படித்தேன். 'தலையைக் குனிந்து கைக்கு அடியில் பார்க்கிறாள், பார்த்துவிட்டுத்தான் குறுக்கே வருகிறாள், நன்றாகக் கவனியுங்கள்' என்று ஒருவன். 'கூடவே பழகியவளைச் சாய்த்தவள்' என்று இன்னொருவன். நீ இறந்துபோனது தெரிந்த யாரோ ஒருவன், 'செய்ததற்கு அனுபவித்துவிட்டுப் போனாள்' என்று எழுதியிருந்தான். வயிற்றில் கட்டி வந்து, தண்ணீர்கூட இறங்காமல் நீ கிடந்ததைப் பார்த்தவள் நான். நீ போய் ஒரு குறுவை அறுத்து, இப்போது சம்பாவும் அறுத்தாயிற்று. இத்தனை நாள் கழித்து உனக்குத் தீர்ப்பு எழுத இவன் யார்?

சாயங்காலம் உன் வீட்டுக்காரர் பேசினார். அவருக்கும் யாரோ அனுப்பிவிட்டிருக்கிறார்கள்.

"நீங்க ஒரு வார்த்தை எழுதுங்க ஸ்டெல்லா. அவ வேணும்னு செய்யலன்னு எழுதிடுங்க. விழுந்தவங்க நீங்க. நீங்க சொன்னா கேப்பாங்க."

"எழுதுறேங்க" என்றேன். சொல்லிவிட்டு வைத்தேனே ஒழிய, அவர் கேட்டபடி எழுதக் கை வரவில்லை. ஏன் வரவில்லை என்பது இந்த உலகத்தில் உனக்கு மட்டும்தான் தெரியும். அதனால்தான் அவர்களுக்கு எழுதியதோடு விடாமல் உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அந்த நாளை எத்தனை தடவை நாம் திருப்பித் திருப்பிப் பேசியிருப்போம். மாநில அணிக்கு ஆள் எடுக்கும் பந்தயம். முதலில் வருகிற ஒருத்திக்குத்தான் இடம். மாநில அணியில் ஓட்டிப் பதக்கம் வாங்கினால் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை. நம் இரண்டு வீட்டிலும் அந்த வேலையை மனத்தில் வைத்துத்தான் சைக்கிளே வாங்கிக் கொடுத்தார்கள். நீ வலங்கைமானிலிருந்து பஸ்ஸின் கூரையில் சைக்கிளைப் போட்டுக்கொண்டு பூதலூருக்கு வருவாய். கல்லணைக் கால்வாய் ஓரமாக ஒருத்தி முதுகுக்குப் பின்னால் ஒருத்தி ஒண்டிக்கொண்டு ஓட்டிப் பழகினோம். யார் காற்றை வாங்குவது, யார் பின்னால் ஒளிந்துகொள்வது என்று அதற்கும் சண்டை. உன் பின் சக்கரம் எந்தப் பள்ளத்துக்கு எப்படி நெளியும் என்று எனக்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும்.

முடிகிற இடம் எங்கள் ஊருக்கு வெளியே வாய்க்காலை ஒட்டிய நேர் ரோடு. அறுவடை நேரம். ரோட்டில் காயும் நெல்லை எல்லாம் எடுத்துவிடச் சொல்லி முந்தின நாளே மைக்கில் சொல்லியாயிற்று. எல்லோரும் எடுத்தார்கள், ஒரு குடும்பத்தைத் தவிர. அவர்களுக்கு ஆள் போதவில்லை. அள்ளியது போக மிச்சத்தை இடது ஓரமாகத் தள்ளி, வண்டி ஏறாமல் இருக்க வரிசையாகச் செங்கல் வைத்திருந்தார்கள். நாம் அந்த ரோட்டுக்குத் திரும்பும்போது, புருஷனும் பெண்டாட்டியும் கூடையோடு ஓரத்தில் நின்றுகொண்டிருந்தார்கள்.

கடைசி நேர்ச் சாலைக்கு ஒரே சட்டம். எந்தக் கோட்டில் மிதிக்க ஆரம்பித்தாயோ, அந்தக் கோட்டிலேயே முடிக்க வேண்டும். பின்னால் வருகிறவள் உன் கோட்டை நம்பித்தான் தலையைக் குனிந்துகொண்டு மிதிக்கிறாள். நீ இடது ஓரம் பிடித்து முன்னால் போனாய். கோயம்புத்தூர்ப் பெண் நடு ரோட்டில், சற்றுப் பின்னால். உங்கள் இரண்டு பேருக்கும் நடுவே ஒரு சைக்கிள் போகிற இடம் இருந்தது. அந்த இடம் என்னுடையது என்று நினைத்தேன். எழுந்து நின்று மிதித்தேன். என் முன் சக்கரம் உன் பெடல் வரைக்கும் வந்துவிட்டது. அப்போதுதான் நீ கைக்கு அடியில் பார்த்தாய். உன் கண்ணை நான் பார்த்தேன். அடுத்து உன் ஹேண்டில் வலது பக்கம் திரும்பியது. அவ்வளவுதான். எலும்பு முறிந்த சத்தம் வலிக்கு முந்தி வந்தது.

உனக்குத் தெரியாதது ஒன்று உண்டு. நான் தரையில் கிடந்தபோது என் அண்ணன் காதில் குனிந்து, "வேணும்னுதான் தள்ளுனான்னு சொல்லு, இடம் உனக்கு வந்துரும்" என்றான். அது உண்மையும்கூட. தன் கோட்டை விட்டு விலகினால் கடைசி இடத்துக்குத் தள்ளுவார்கள். வேண்டுமென்றே செய்தாய் என்று ஆனால் தடை விதிப்பார்கள், உன் சைக்கிள் வாழ்க்கையே முடிந்தது. விழுந்தவளுக்கு இடம் கொடுப்பதைப் பற்றியும் யோசிப்பதாக அங்கே பேச்சு நடந்துகொண்டிருந்தது. எங்கள் ஊர்ப் பையன்கள் உன்னைச் சுற்றி நின்று கத்துகிறார்கள். ஒருவன் உன் சைக்கிளைப் பிடுங்கி வாய்க்காலில் எறியப் போனான். நீ ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் நின்றாய்.

நடுவர்கள் இருந்த பந்தலுக்குள் என்னைத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஆம்புலன்ஸ் வருவதற்குள் கேட்டுவிட வேண்டும் என்று தலைமை நடுவருக்கு அவசரம்.

"வேணும்னு செஞ்சாங்களாம்மா? நீங்கதான் பக்கத்துல இருந்தீங்க. சொல்லுங்க."

எனக்கு அப்போது உன்னைக் கடித்துத் துப்ப வேண்டும்போல இருந்தது. பொய் இல்லை. ஆனாலும் கேட்டதற்குத்தானே பதில் சொல்ல வேண்டும்.

"லைன விட்டு வந்தா சார். அது நிஜம். மனசுல என்ன இருந்துச்சுன்னு என்னைக் கேட்டா? அவளக் கேளுங்க."

உன்னைக் கேட்டார்கள். நீ நேராக நின்று சொன்னாய். "லைன விட்டது நான்தான் சார். என் தப்பு." வேறு ஒரு சொல் சொல்லவில்லை. உன்னைக் கடைசி இடத்தில் போட்டார்கள். இடம் எனக்கும் வரவில்லை. கோயம்புத்தூர்ப் பெண் மாநில அணிக்குப் போனாள். நான் தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

அங்கே நர்ஸ் என் முழங்கைப் புண்ணிலிருந்து ஜல்லியைப் பொறுக்கி எடுத்துக்கொண்டிருந்தார். "இதென்னம்மா, நெல்லு!" என்றார். உமியோடு ஒரு முழு நெல். அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. ஓரத்தில் வைத்த செங்கல் வரிசை கடைசி வரைக்கும் போகவில்லை. நெல் அதைத் தாண்டி ரோட்டில் வழிந்து கிடந்திருக்கிறது, நேராக உன் கோட்டில். சென்னைப் பிள்ளையாக இருந்தால் யோசிக்காமல் ஏறிப் போயிருக்கும். வழுக்கி விழுந்திருக்கும், அது வேறு. நாம் ஏற மாட்டோம். கால் பட்டுவிட்டால் எங்கள் வீட்டில் தொட்டு நெற்றியில் சிலுவை போடுவோம், உங்கள் வீட்டில் கண்ணில் ஒற்றிக்கொள்வீர்கள். நெல்லைப் பார்த்தால் சக்கரம் தானாக ஒதுங்கும். அந்த வேகத்திலும் ஒதுங்குகிற பைத்தியம் இந்தப் பக்கத்து ஆளாகத்தான் இருக்க முடியும்.

நீ வீட்டுக்கு வந்த அன்றைக்கு அம்மா உன்னை வாசலிலேயே நிறுத்திவிட்டார். அண்ணன் உள்ளே பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நான் கையைக் கழுத்தில் தூளி கட்டித் தொங்கவிட்டபடி வெளியே வந்தேன். உன்னைப் பார்த்ததும் நலம் விசாரிக்கவா தோன்றும்?

"ஏன்டி நெல்லச் சொல்லல? அந்த நெல்லுக்காகத்தான ஒதுங்குன?"

"சொன்னா அந்தப் புருஷன் பொண்டாட்டிய விட்ருப்பாங்களா? பையனுங்க எப்படி நின்னானுங்கன்னு பாத்தல்ல."

"அப்ப நெல்லுக்காகத்தான்."

நீ வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாய். அம்மா ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நெல்லப் பாத்தேன்டி. உன்னையும் பாத்தேன். எதப் பாத்துத் திருப்புனேன்னு எனக்கே தெரியல."

"பொய்யாவது சொல்லித் தொலைக்கக் கூடாதா?"

"உங்கிட்டயா?" என்றாய்.

அதோடு கேட்டை இழுத்து உன் முகத்துக்கு நேராகச் சாத்தினேன். ஒரு கையால் சாத்தியதால் சரியாகச் சாத்தவில்லை, நீயே கொண்டி போட்டுவிட்டுப் போனாய். வேண்டுமென்றே செய்தேன் என்று சொல்லியிருந்தால் நிம்மதியாக வெறுத்திருப்பேன். நெல்லுக்காக என்று சொல்லியிருந்தால் கட்டிப் பிடித்து அழுதிருப்பேன். இரண்டுக்கும் வழி இல்லாமல் செய்துவிட்டாய். அதற்கு அப்புறம் உன்னோடு பேச எனக்கு ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. பேச ஆரம்பித்த பிறகும் சேர்ந்து ஓட்டினால் நீ என்னைத்தான் முன்னால் போகச் சொல்வாய். "நீ முதுகுக்குப் பின்னாடி வந்தா எனக்கு மிதிக்கக் காலு ஓடாதுடி" என்பாய். எனக்கும் உன் பின்னால் வருவதற்குப் பயம்தான். நான் அதை உன்னிடம் ஒத்துக்கொண்டதில்லை. நீ பின்னால் வருவாய், நான் திரும்பிப் பார்க்காமல் மிதிப்பேன். அப்படியே நமக்குக் கல்யாணம் ஆகி, பிள்ளைகள் பிறந்து, வயசும் ஆகிவிட்டது.

நேற்று அந்தத் துண்டுப் படத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். எடுத்தவன் நெல்லுக்கு அந்தப் பக்கம் வாய்க்கால் கரையில் நின்று, தரை விழாதபடி நெல்லுக்கு மேலாக எடுத்திருக்கிறான். நீ குனிந்து பார்ப்பது தெரிகிறது. ஹேண்டில் திரும்புவது தெரிகிறது. நான் பறப்பது தெளிவாகவே தெரிகிறது. நெல் மட்டும் ஒரு மணிகூட இல்லை. பார்க்கிறவர்களை என்ன சொல்வது? அவர்களுக்குக் கிடைத்த படத்தில் நீ குற்றவாளிதான். உன் வீட்டுக்காரர் கேட்டபடி ஒரே வரி எழுதிவிட்டால் போதும், எல்லோரும் அடங்கிவிடுவார்கள். எழுதினேன். 'அவள் வேண்டுமென்று செய்யவில்லை' என்று எழுதி, அனுப்புகிற இடத்தில் விரலை வைத்தேன். உன் முகம் வந்து நின்றது. உங்கிட்டயா என்று கேட்டாயே, அதே முகம். அழித்துவிட்டேன்.

பிறகு எழுதியது இது. 'படத்தில் விழுகிறவள் நான். முன்னால் போனவள் தன் கோட்டை விட்டு விலகி வந்தாள், உண்மை. அதை அவளே அன்றைக்கு ஒத்துக்கொண்டாள், தண்டனையும் வாங்கினாள். அவள் கோட்டில் நெல் கிடந்தது, அது இந்தப் படத்தில் இல்லை. அவள் நெல்லுக்காகத் திரும்பினாளா, எனக்காகத் திரும்பினாளா என்று அவளையே கேட்டேன். தெரியவில்லை என்றாள். ஹேண்டிலைப் பிடித்திருந்தவளுக்கே தெரியாதது, வீட்டில் உட்கார்ந்து பார்க்கிற உங்களுக்கு எப்படித் தெரிந்தது?'

காலையில் உன் வீட்டுக்காரரிடமிருந்து போன்.

"என்னங்க இப்படி எழுதிட்டீங்க? சந்தேகம் இருக்குன்னுல்ல ஆயிடுச்சு."

"சந்தேகம் இருக்குங்க" என்றேன். "இல்லன்னு எழுதுனா அவளே என்னை விடமாட்டா."

வைத்துவிட்டாரோ என்று பார்த்தேன். பிறகு சொன்னார், "ஆஸ்பத்திரியில கடைசியா ஒருநாள் எங்கிட்டயும் இதத்தான் சொன்னா. தெரியலன்னுதான் சொன்னா. நாந்தான் வேற மாதிரி நெனச்சுக்கிட்டேன்." அதோடு வைத்துவிட்டார்.

இன்றைக்கு மத்தியானத்துக்குள் கீழே நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். சிலர் வாயை மூடிக்கொண்டார்கள். சிலர் என்னைப் போற்றுகிறார்கள். பெரிய மனசாம். மன்னித்துவிட்டேனாம். படித்ததும் எரிச்சலாக வந்தது. யார் மன்னித்தது? மழை வருகிற அன்றைக்கு தோளில் முறிந்த இந்தக் காறை எலும்பு வலிக்கிறபோதெல்லாம் உன்னை வாய்விட்டுத் திட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். நீ இருந்தவரை போன் போட்டுத் திட்டுவேன், நீயும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "ஆச்சா? சாப்ட்டியா?" என்பாய். இப்போது திட்டினால் கேட்க ஆள் இல்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை. கோபம் மட்டும் அப்படியே இருக்கிறது. தோளைக் கொடுத்து வாங்கிய கோபம், எனக்கு மட்டும் சொந்தம். ஊரில் ஒருவனுக்கும் அதை இரவல் தருவதாக இல்லை.