கறுப்பு ரப்பர் புழு

அன்புள்ள ஆசிஃப்,

நீ தூங்குகிறாய், எழுப்ப மனமில்லை. இடியாப்பம் மூடி வைத்திருக்கிறேன். நீ அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த ரப்பர் புழுக்களில், கலங்கிய தண்ணீருக்கு ஏற்றதென்று சொன்ன கறுப்பை எடுத்துக்கொண்டு கோட்டூர்புரம் பாலத்தடிக்கு மீன் பிடிக்கப் போகிறேன். தூண்டில் முள்ளின் நுனியைப் புழுவுக்குள்ளேயே புதைத்துவிட்டால் ஆகாயத்தாமரையில் சிக்காதாமே. "உங்களுக்கு வராது அத்தா, நானே மாட்டித் தரேன்" என்றாய். விடுமுறை முழுதும் நண்பர்களோடு போயிற்று. நேற்று நீ சொன்னதை நினைவூட்டியதற்குக் கோபித்துக்கொண்டாய். இன்றிரவு உனக்கு விமானம்.

என் மாணவர்களுக்குச் சொல்லாத கதை ஒன்று. நாளெல்லாம் ஆற்றில் நின்ற கொக்கிடம் மீன் கேட்டதாம், "பசியா?" என்று. "இல்லை, பக்கத்தில் இன்னொரு கொக்கு வருமென்று நிற்கிறேன்" என்றதாம் கொக்கு.

கிளம்பினால் சாவியை எதிர்வீட்டில் கொடு.

அத்தா

பி.கு.: புழுப் பாக்கெட்டிலுள்ள படத்தைப் பார்த்து மாட்டக் கற்றுக்கொண்டேன். ஆனாலும் புழுவையும் முள்ளையும் தனித்தனியாகவே எடுத்துப்போகிறேன்.